ராஜாவின் மூக்கு பித்தளையான கதை: ஒரு 1937 பேனாக்கத்தியைத் திறந்த அனுபவம்

திருநெல்வேலிப் பக்கம் இருந்துகொண்டு "நான் கத்தி சேர்க்கிறேன்" என்று சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. கேட்பவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் என் இடுப்பைப் பார்ப்பார். அதனால் "பேனாக்கத்தி அண்ணாச்சி, மடக்கினா சட்டைப்பையில போயிரும், அலகு ரெண்டரை அங்குலம்தான்" என்று மூச்சுவிடாமல் சொல்லிப் பழகிவிட்டேன். ஆயுத உரிம விதிகள் கவலைப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றி. என் கத்திகள் மாங்காய் நறுக்கவே திணறும்.

நான் சேர்ப்பது நினைவுக் கத்திகளை. ஏதாவது ஒரு நாடு தன்னைத் தானே மெச்சிக்கொண்ட நாளுக்காக அடித்து விற்ற கத்திகள். அமெரிக்காவின் 200-வது ஆண்டுக்காக 1976-ல் வந்தது ஒன்று. ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவுக்கு 1935-ல் வந்தது ஒன்று. எலிசபெத் ராணியின் 1953 முடிசூட்டுக்கு ஒன்று. சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட சுவிஸ் கத்தியும் இருக்கிறது. அதற்கு விழா எதுவும் தேவையில்லை, கொடியே பிடியாக இருக்கிறது. எல்லாம் சேர்த்துப் பதினொன்று. நம் ஆட்களுக்கு அஞ்சல்தலை உண்டு, பாரதிக்கு 1960-ல், வ.உ.சி.க்கு 1972-ல். கத்தி என் கண்ணில் பட்டதில்லை.

பட்டது என்று ஒருமுறை நினைத்தேன். மதுரையில் நடைபாதைக் கடை ஒன்றில், பிடியில் மூவர்ணம் போட்ட மடக்குக் கத்தி. "வெள்ளையனே வெளியேறு காலத்துச் சாமான் சார், 1942" என்றார் விற்றவர். முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து லென்ஸை வைத்துப் பார்த்தால் நடுவில் அசோகச் சக்கரம். ஆரங்களை எண்ணினேன், இருபத்துநாலும் சரியாக இருந்தன. 1942-ல் காங்கிரஸ் கொடியில் இருந்தது ராட்டை, 1931-ல் ஏற்றுக்கொண்ட கொடி அது. சக்கரம் வந்தது அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22-ல் தேசியக் கொடியை ஏற்றபோது. என் 1942 கத்திக்கு ஐந்து வருஷம் முன்கூட்டியே சுதந்திரம் கிடைத்திருக்கிறது. அதையும் வைத்திருக்கிறேன், தேங்காய்ப் பத்தை கீறுவதற்கு.

இப்போது சொல்ல வந்தது பதினொன்றில் சேராத ஒரு கத்தி. அம்பாசமுத்திரத்தில் சின்ன ஆச்சி வீட்டு அரங்கை, அதாவது உள்ளறையை, ஒழித்தபோது, பாக்குவெட்டியோடும் உடைந்த பூட்டுகளோடும் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது. சின்ன ஆச்சி என்றால் என் அம்மாவைப் பெற்ற ஆச்சியின் கடைசித் தங்கை. வயது எண்பத்தைந்து தாண்டியாயிற்று, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அவருடைய அப்பா, என் பூட்டன், கொழும்பில் மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த கத்தி. தகரப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்து, "சரசுவதி பூசைக்கு முந்தி திருப்பித் தந்துரணும் எய்யா" என்றார்.

பிடி பித்தளைத் தகட்டில் புடைப்பாக அடித்து மேலே நிக்கல் முலாம் பூசியது. இரண்டு அலகு, பெரியது ஒன்று, சின்னது ஒன்று. இரண்டும் அசையவே இல்லை. பிடியின் ஒரு பக்கம் இரண்டு தலைகளின் நிழல். நிழல் என்றுதான் சொல்ல வேண்டும். மூக்கு, நெற்றி, கிரீடம் எல்லாம் வழுவழுவென்று தேய்ந்து, முலாம் போய் மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது. சுற்றி ஓடிய எழுத்துகளில் ஓரத்துப் பள்ளத்தில் ஒதுங்கியவை மட்டும் பிழைத்திருந்தன. வருஷத்தில் கடைசி இலக்கம் மட்டும் மிச்சம், 7.

அந்த ஒற்றை ஏழும் பூட்டன் கொழும்பில் இருந்த காலமும் போதும். 1911 முடிசூட்டு என்றால் ஒன்றில் முடியும், 1935 வெள்ளிவிழா ஐந்தில், 1953 மூன்றில். ஆக இது 1937. ஆனால் 1937-லும் இரண்டு ராஜாக்கள் உண்டு. எட்டாம் எட்வர்டுக்கு 1937 மே 12 என்று முடிசூட்டு நாள் குறித்தாகிவிட்டது. குவளை, தட்டு, டப்பா, கத்தி என்று பட்டறைகள் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது, 1936 டிசம்பரில் அவர் பட்டமே வேண்டாம் என்று போய்விட்டார். தம்பி ஆறாம் ஜார்ஜ் அதே நாளில் முடிசூட்டிக்கொண்டார். முடிசூடாத ராஜாவின் முடிசூட்டு நினைவுப் பொருள் என்றால் அபூர்வமாகத்தான் இருக்கும் என்று விற்பவர்கள் விலையை ஏற்றுவார்கள். முன்கூட்டியே அடித்துக் குவித்தவை என்பதால் அவை இன்றும் தாராளமாகவே கிடைக்கின்றன. எட்வர்டுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, தலை ஒன்றுதான் இருக்கும். என்னிடம் இருப்பதில் இரண்டு நிழல். ஆக, ஆறாம் ஜார்ஜும் ராணியும்.

சரி, வேலைக்கு வருவோம்.

இந்த மாதிரிக் கத்தியில் திருகாணியே கிடையாது. பிடித்தகடு, உள்தகடு, அலகை அழுத்திப் பிடிக்கும் முதுகு வில், அலகு எல்லாவற்றையும் ஆணி அடித்து இரண்டு முனையையும் தட்டிப் பரத்தியிருப்பார்கள். கழற்ற வேண்டும் என்றால் ஆணியை அறுக்க வேண்டும். அறுத்தால் அது 1937-ல் செய்த கத்தியாக இருக்காது, நான் செய்ததாகிவிடும். ஆகவே கழற்றாமல், வெளியிலிருந்தே ஊறவைத்துத் திறப்பது என்று முடிவு.

மண்ணெண்ணெய்தான் இதற்கு மருந்து. இப்போது அது கிடைப்பது குதிரைக்கொம்பாக இருப்பதால், மச்சினன் டிராக்டரிலிருந்து கால் லிட்டர் டீசல். ஊறுகாய் பாட்டிலில் ஊற்றிக் கத்தியைப் போட்டு மூடிவிட்டேன். மறுநாள் எடுத்து மொட்டைமாடி வெயிலில் ஒரு மணி நேரம். பாளையங்கோட்டை சித்திரை வெயிலுக்கு அடுப்பு தோற்கும். சூட்டில் இடுக்கிலிருந்து கருஞ்சிவப்பாக ஏதோ கசிந்து வந்தது. துரு என்று நினைத்து விரலில் தேய்த்தேன். நெறுநெறு என்றது. கூடவே கரும்புப்பாகு மாதிரி ஒட்டியது. எதுவென்று அப்போது புரியவில்லை. துணியில் துடைத்துவிட்டு மறுபடி டீசலில் போட்டேன். இப்படி நாலு சுற்று.

இதைப் படித்துவிட்டு யாரும் எல்லாக் கத்தியையும் வெயிலில் வைத்துவிட வேண்டாம். செல்லுலாய்டு பிடி போட்டதை வெயில், அடுப்பு, ஹேர் டிரையர் எதன் பக்கமும் கொண்டுபோகக் கூடாது. செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. சும்மா பற்றினாலே திகுதிகுவென்று எரியும். என் 1935 வெள்ளிவிழாக் கத்தியில் சிவப்பு, வெள்ளை, நீலப் பிடி அதில் செய்ததுதான். வாங்கியபோது கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் கோயிலில் சூடம் காட்டிய வாசம் வரும். அந்த வாசத்துக்காகவே எடுத்து எடுத்துத் தேய்ப்பேன். மற்றக் கத்திகளோடு ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வைத்திருந்தேன். ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு திறந்தால் சூட வாசம் போய் மூக்கைக் கடிக்கும் ஒரு காரம். செல்லுலாய்டு பழசாகிச் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு ஆவியை விடும். ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். அதன் அலகு மட்டுமல்ல, அக்கம்பக்கத்தில் படுத்திருந்த இரண்டு கத்திகளும் துருவேறிக் கிடந்தன. இப்போது அதற்குத் தனிக்குடித்தனம். மூடாத அட்டைப் பெட்டியில், காற்றோட்டமாக, மேல் தட்டில்.

ஐந்தாம் நாள் பெரிய அலகு ஒரு நூல் அசைந்தது. இந்த இடத்தில்தான் ஆசை வரும், குறடால் பிடித்து ஒரே இழுப்பு இழுத்துவிடலாமா என்று. இழுத்தால், நகம் வைத்து அலகைத் திறக்கிற நகக்குழியின் உதடு பெயரும், இல்லாவிட்டால் முதுகு வில் ஒடியும். வில் ஒடிந்தால் கதை முடிந்தது. பழைய இடுப்பு வாரின் தோலை ஒரு துண்டு வெட்டி, அலகின் முதுகில் மடித்துப் பிடித்து, கொஞ்சம் திறப்பது, திரும்ப மூடுவது, ஒரு சொட்டு டீசல். சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே செய்கிற வேலை. எட்டாம் நாள் முழுவதும் திறந்தது. சத்தமே இல்லை, வாழைப்பழத்தில் ஊசி இறங்கின மாதிரி. அது நல்ல அறிகுறி இல்லை. ஆரோக்கியமான மடக்குக் கத்தி திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வில் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் இடுக்கில் இன்னும் அழுக்கு இருக்கிறது. பல்குத்தும் குச்சியில் துணி சுற்றி இடுக்கு முழுக்கச் சுரண்டினேன். அதே செங்காவிப் பாகு திரணையாக வந்தது. எல்லாம் வந்த பிறகு 'டக்'. வீட்டில் யாருக்கும் அந்தச் சத்தத்தின் அருமை தெரியவில்லை.

அலகில் இரண்டு விதத் துரு. சிவப்பு, கறுப்பு. சிவப்பு இரும்பைத் தின்னும், அதை எடுத்தாக வேண்டும். கறுப்பு அப்படியில்லை, அது எஃகு தன்மேல் தானே போர்த்திக்கொண்ட போர்வை மாதிரி, கீழே உள்ளதை ஓரளவு காக்கும். அதை விட்டுவிட வேண்டும். துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913-ல் ஷெஃபீல்டில்தான் கண்டெடுத்தார். அதே ஊர் முத்திரைதான் இந்த அலகின் அடியிலும் இருக்கிறது. ஆனால் விழாவுக்கு அடித்த மலிவுச் சரக்குக்கு யார் அதைப் போடப்போகிறார்கள்? சாதாரணக் கரி எஃகுதான்.

சிவப்பை எடுக்க உப்புத்தாள் போடக் கூடாது. எஃகைவிட மென்மையான, துருவைவிட முரட்டுத்தனமான ஏதாவது வேண்டும். செம்பு, வெண்கலம் சரியாக இருக்கும். என்னிடம் ஒரு ஓட்டைக் காலணா கிடந்தது, 1943-லிருந்து 47 வரை அடித்த வெண்கலக் காசு. எண்ணெய் விட்டு அதன் விளிம்பால் மெதுவாகச் சுரண்டினால் சிவப்பு பொருக்குப் பொருக்காக வந்தது, அலகில் கீறல் விழவில்லை. காசில் கிரீடம், கத்தியிலும் கிரீடம். ராஜா காசாலேயே ராஜா கத்தியைச் சுரண்டியாயிற்று.

இவ்வளவு பயந்து பயந்து செய்வதற்குக் காரணம் என்னுடைய 1976 அமெரிக்கக் கத்தி. அலகில் கழுகும், 1776–1976 என்ற எண்களும் அமிலத்தில் அரித்துப் போட்டிருந்தன. மேலே லேசாகக் கறுப்பு படர்ந்திருக்கிறதே, பளிச்சென்று ஆக்கலாமே என்று பாத்திரம் பாலிஷ் போடும் ஒரு பட்டறையில் கொடுத்து, நானே பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றேன். சக்கரம் அரை நிமிஷம் சுற்றியது. அலகு கண்ணாடியாகிவிட்டது. கழுகைக் காணோம். பட்டறைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கேட்டதைச் செய்தார். இந்த மாதிரி எழுத்துகள் வெட்டியவை அல்ல, எஃகின் மேல்தோலை அமிலம் லேசாக நரைக்க வைத்தது, அவ்வளவுதான். நினைவுக் கத்தியில் கத்தி கெட்டியாக இருக்கும், நினைவு மயிரிழைக் கனத்தில்தான் இருக்கும். அன்றிலிருந்து எந்த அலகையும் தொடுவதற்கு முன்னால் ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து ஓரவெளிச்சத்தில் பார்த்துக்கொள்கிறேன். பூட்டன் கத்தியில் அப்படிப் பார்த்தபோது, கறுப்புக்குள் நாலு ஆங்கில எழுத்து மங்கலாகத் தெரிந்தது. 'முடிசூட்டு' என்பதன் ஆங்கிலச் சொல்லின் தொடக்கம். காலணா அந்தப் பக்கமே போகவில்லை.

சின்ன அலகின் முனை ஒடிந்திருந்தது, அதைத் தொடவில்லை. சாணை பிடித்துப் புது முனை வைத்தால் ஒடிந்தது மறையும், ஆனால் அலகு குட்டையாகியிருப்பது கத்தி பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பெரிய அலகின் அச்சாணி மட்டும் ஆடியது. இதற்குக் கொல்லர் பட்டறைச் சுத்தியல் பெரிசு. டவுனில் தெரிந்த நகை ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கத்தியைத் தராசுக்காரர் பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இதுல தங்கம் ஒண்ணும் இல்லையே" என்றார். ஆணித்தலையை நாலு தட்டுத் தட்டினால் போதும், ஆனால் ஒரு தட்டு அதிகமானால் அலகு இறுகித் திறக்கவே திறக்காது. அதற்கு ஒரு உபாயம். அலகின் அடிக்கும் உள்தகட்டுக்கும் நடுவே டிராயிங் காகிதத்தை ஒரு நறுக்கு செருகிவிட்டுத் தட்ட வேண்டும். தட்டி முடித்துக் காகிதத்தை உருவினால் அந்தக் காகிதக் கனத்துக்கு இடைவெளி நிற்கும். அண்ணாச்சி கண்ணாடியை இறக்கிவிட்டு, சின்னப் பட்டடையில் வைத்து, பூ விழுகிற மாதிரி மூன்று தட்டு. ஆட்டம் நின்றது. காசு வேண்டாம் என்றார். "முலாம் போட்டுத் தரட்டுமா, புதுசா ஆயிரும்" என்று மட்டும் கேட்டார். நான் கத்தியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

கடைசியாகத் தையல் மிஷின் எண்ணெய் அச்சில் ஒரு சொட்டு, அலகில் துணியால் ஒரு பூச்சு. வேலை அவ்வளவுதான்.

ஆனால் பிடியில் தேய்ந்துபோன முகம் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. இது திருநெல்வேலிச் சீமை. மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது 1911 ஜூன் 17. ஐந்து நாள் கழித்து லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்திலேயே அந்த ஜார்ஜின் பெயர் வருகிறது. அவர் மகனின் முகம் அம்பாசமுத்திரத்து வீட்டில் இப்படித் தேய்ந்து கிடக்கிறது என்றால், யாரோ வேண்டுமென்றேதான் செய்திருக்க வேண்டும். 1942-ல் வீட்டில் ஒரு இளவட்டம் கத்தியைக் கல்லில் வைத்து ராஜா மூஞ்சியை உரசுகிற காட்சியே எனக்குத் தெரிந்தது. நண்பன் ஒருவனிடம் சொன்னேன். அவன் ஏற்கெனவே என் பொழுதுபோக்கின் மேல் கடுப்பில் இருப்பவன். "ஏல, வ.உ.சி. கப்பல் விட்டதும் இதே கொழும்புக்குத்தாம்ல. அந்தக் கம்பெனிய மூட வச்சவன் படத்த உங்க பூட்டன் காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்காரு. அதுக்கு நீ எண்ணெ போடுத" என்றான். நான் தேய்ந்த முகத்தைக் காட்டி, எங்கள் வீட்டிலும் தேசபக்தி இருந்தது என்று வாதாடினேன்.

லென்ஸில் ஒழுங்காகப் பார்த்திருந்தால் வாதாடியிருக்க மாட்டேன். கோபத்தில் சுரண்டினால் கோடு குறுக்கும் நெடுக்குமாக, ஆழமாக விழும். இதில் இருந்ததோ மயிரிழைக் கீறல்கள், வட்டம் வட்டமாக. புடைத்த இடமெல்லாம் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தது. மறுபக்கத்துச் சிங்கமும் அதே மாதிரி மொழுக்கையாகியிருந்தது. சிங்கத்தின் மேல் யாருக்கு என்ன கோபம்?

ஆவணியில் சின்ன ஆச்சியைப் பார்க்கப் போனபோது கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"ராசா மூஞ்சிய ஒருத்தரும் சொரண்டலயே. நாந்தான் தேச்சேன். வருசாவருசம் சரசுவதி பூசைக்கு முந்தின நாளு எங்கம்மை பாக்குவெட்டி, அருவாமனை, இது எல்லாத்தையும் அள்ளி எங்கையில தந்துருவா. செங்கப்பொடியும் சாம்பலும் போட்டு, தேங்கா நாரு வச்சுத் தேக்கணும். பளபளன்னு இல்லைன்னா அடி விழும்லா."

"அப்புறம் எண்ணெய் போடுவீங்களா ஆச்சி?"

"போடாம? நல்லெண்ணெ ரெண்டு சொட்டு. கத்தி மடங்குத எடத்துல."

செங்காவிப் பாகு எதுவென்று அப்போதுதான் விளங்கியது. நல்லெண்ணெய் காற்றுப்பட்டால் நாளடைவில் கெட்டிப்பட்டுப் பிசினாகும். அதில் செங்கல்பொடி சேர்ந்தால் பாதி பசை, பாதி சாணைக்கல். வருஷத்துக்கு ஒரு பூச்சாகப் பல வருஷம். வெளியில் ராஜாவின் மூக்கையும் உள்ளே அலகின் அச்சையும் ஒரே பூஜைதான் கவனித்திருக்கிறது. அச்சாணி ஆடியதும் அதனால்தான். நண்பனிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

புரட்டாசியில் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே செங்கோட்டை ரயிலில் கொண்டுபோனேன். பழைய வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டுச் சுற்றி வைத்திருந்தேன். ஆச்சி பிரித்து, திறந்து, மூடினார். 'டக்' கேட்டது. முகம் மலர்ந்தது. அப்புறம் கத்தியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தன மாசம் வச்சிருந்தியே எய்யா, கருப்பு போகவே இல்லையே. வெளுத்துக் கொண்டுவருவேன்னுல்லா நெனச்சேன்."

கறுப்பு ஏன் இருக்க வேண்டும், நாலு எழுத்து எங்கே இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். ஆச்சி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "சரி, நீ ஒரு வாய் காப்பி குடி" என்று சொல்லிவிட்டுக் கத்தியோடு உள்ளே போனார். காபி வந்தது, ஆச்சி வரவில்லை. பாதி டம்ளர் குடித்திருப்பேன், புறவாசலில் அம்மிக்குழவியால் செங்கல்லை உடைக்கிற சத்தம் கேட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.